இரு முகில்கள்

புதுவைக்கு வடக்கே, செம்மண் மேட்டின் விளிம்பில், குயிலாப்பாளையம் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஊருக்குக் கிழக்கே வங்கக்கடல். சுற்றிலும் முந்திரித் தோப்புகளும் பனைகளும். அங்கிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்பவர், கழுவெளி ஏரியையும் அதனையடுத்து மரக்காணத்து உப்பளங்களையும் காண்பர். பாத்தி பாத்தியாகக் கட்டப்பட்ட அவ்வளங்களில் உவர்நீர் தேங்கி, வெயிலில் காய்ந்து, வெண்ணிற உப்பாக விளைகிறது. இத்தொழிலுக்கு வேண்டுவன வெயிலும் காற்றும், வேண்டாதது மழைமுகில். உப்பு வாருவதற்கு ஆயத்தமாக இருக்கும் வேளையில் ஒரு முகில் வந்து அரை நாழிகை பெய்துவிட்டால், பல நாள் உழைப்பு நீரோடு நீராய்க் கரைந்துவிடும். ஆதலின், இக்கடற்கரை மக்கள் அடிக்கடி வானத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் உடையவர்கள். உழவர் முகில் வரவேண்டும் என்று பார்ப்பர். இவர்களோ முகில் வாராதிருக்க வேண்டும் என்று பார்ப்பர்.

1769ஆம் ஆண்டு, இதே கடற்கரையில், பிரெஞ்சு நாட்டவர் ஒருவர் முகில் வாராதிருக்க வேண்டும் என்று வானத்தை நோக்கி நின்றார். அவர் உப்பு விளைவிக்க வந்தவர் அல்லர். கதிரவன் எவ்வளவு தொலைவில் உள்ளான் என்று அளந்தறிவதற்காகப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல்வழியைக் கடந்து வந்தவர். அவர் பெயர் லெ ஜென்டில். அவருடைய வாழ்க்கையில் இரு முகில்கள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று விண்முகில். இளமையில் பாரிசு நகரத்தில் அவரே கண்டுபிடித்தது. மற்றொன்று, புதுவை வானத்தில் ஒரு காலைப்பொழுதில் தோன்றிய வெறும் முகில்.

முதலாவது முகிலைக் காண விரும்புவோர் தை மாதத்துத் தெளிந்த முன்னிரவில் வடமேற்கு வானத்தை நோக்குதல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அது இன்னும் உயரத்தில் தோன்றும். ஆயினும், வடகிழக்குப் பருவமழை அக்காலத்தில் இக்கரையின் வானத்தை மூடிக்கொண்டிருக்கும். பூரட்டாதி, உத்தரட்டாதி என்னும் நாண்மீன்கள் நான்கு மூலைகளிலும் நிற்க, வானில் ஒரு பெருஞ்சதுரம் தெரியும். அதன் வடகிழக்கு மூலை மீனிலிருந்து புறப்பட்டு, இரு மீன்களைக் கடந்து, பின்னர் வடபுறமாகத் திரும்பினால், புகைபடிந்தாற் போன்ற மங்கலான ஒளித்திட்டு ஒன்று கண்ணுக்குப் புலப்படும். அதுவே அந்திரோமெடா. பாரசீக நாட்டு அறிஞர் அல்-சூஃபி 964ஆம் ஆண்டிலேயே அதனைச் சிறு முகில் என்று தம் நூலில் குறித்து வைத்தார். 1612ஆம் ஆண்டில் சைமன் மாரியசு என்பவர் தொலைநோக்கியால் அதனை ஆராய்ந்தார். நகரத்து விளக்கொளி அதனை மறைத்துவிடும். உப்பளத்து இருளில் அது தெரியும்.

ஆனால், அப்பெருந்திட்டின் அருகே, அதன் தென்புறத்தில், சின்னஞ்சிறு ஒளித்துளி மற்றொன்றும் உண்டு. வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. சிறு தொலைநோக்கி கொண்டு நோக்குவோருக்கு, ஓரம் கரைந்துபோன விண்மீனைப்போல் அது தோன்றும். அல்-சூஃபி அதனைக் கண்டதில்லை, மாரியசும் குறிப்பிடவில்லை. 1749ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவில் அதனை முதன்முதல் கண்டு எழுதியவர் லெ ஜென்டிலே ஆவார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து நான்கு.

அவர் 1725ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், பிரான்சின் வடமேற்கிலுள்ள நார்மண்டிப் பகுதியில், கூத்தான்சு என்னும் ஊரில் பிறந்தார். சமயத் துறவியாகும் எண்ணத்துடன் பாரிசு நகருக்கு வந்த அவர், டெலிசில் என்னும் பேராசிரியரின் வானநூற் சொற்பொழிவுகளை ஒரு நாள் கேட்கச் சென்றார். ஒரு நாள் என்பது பல நாள்களாயிற்று. சமயக் கல்வி பின்தங்கிற்று. வானநூல் முன்வந்து நின்றது. பாரிசு வானாய்வுக்கூடத்தில் காசினி குடும்பத்தாரிடம் அவர் பயிற்சி பெற்றார். 1753ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் கண்ட ஒளித்துளி யாது? அதனை அக்காலத்தில் எவராலும் கூற இயலவில்லை. ஒளிரும் ஆவியோ, கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத விண்மீன் கூட்டமோ என்று அறிஞர்கள் ஐயுற்றனர். 1755ஆம் ஆண்டில் செருமானியத் தத்துவ அறிஞர் காண்ட், இத்தகைய ஒளித்திட்டுகள் தொலைவிலுள்ள தனித்தனி விண்மீன் உலகங்களாக இருத்தல் கூடும் என்று எழுதினார். அது சிந்தனையாற் பெற்ற கருத்து. அதனை மெய்ப்பிக்க அளவுகோல் இல்லை. கதிரவனின் தொலைவே துல்லியமாகத் தெரியாத காலத்தில் விண்முகிலின் தொலைவை எவ்வாறு அளப்பது? வானத்தை அளக்க விரும்புவோர் முதலில் வீட்டு முற்றத்தை அளந்தாக வேண்டும். கதிரவனுக்கும் பூமிக்கும் இடையேயுள்ள தொலைவே அம்முற்றம்.

அதனை அளப்பதற்கு ஒரு வழியை ஆங்கில வானநூலார் எட்மண்ட் ஹாலி 1716ஆம் ஆண்டில் விளக்கிக் கூறியிருந்தார். வெள்ளிக் கோள் சிற்சில வேளைகளில் பூமிக்கும் கதிரவனுக்கும் நேர் இடையே வந்து, கதிரவன் முகத்தின்மீது கரும்புள்ளியாக ஊர்ந்து செல்லும். உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து அதனைக் காண்போருக்கு அப்புள்ளி சற்றே வெவ்வேறு வழியாகச் செல்வதாகத் தோன்றும். எனவே, அது புகும் நேரமும் நீங்கும் நேரமும் இடத்திற்கு இடம் வேறுபடும். அவ்வேறுபாட்டையும், காண்போரின் இடங்களுக்கு இடையேயுள்ள தொலைவையும் கொண்டு, கதிரவனின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். தெருவில் நிற்கும் மரம் ஒன்றை ஒரு கண்ணை மூடியும் மறுகண்ணை மூடியும் பார்க்கும் சிறுவனுக்கு, அது பின்னணியில் இடம் பெயர்வதுபோல் தோன்றுவது இதற்கு ஒப்பாகும்.

இடர் என்னவெனில், இந்நிகழ்ச்சி மிக அரிது. எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை நிகழும். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிகழாது. 1761, 1769 ஆகிய ஆண்டுகள் தவறினால் அடுத்தது 1874. தாம் அதுவரை உயிரோடு இருக்கப்போவதில்லை என்பதை அறிந்தே, பின்வருவோர் இதனைக் கைவிடலாகாது என்று ஹாலி வேண்டிக்கொண்டார். அவர் 1742ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவர் வேண்டுகோளை ஏற்று ஐரோப்பிய நாடுகள் அறிஞர்களை உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பின. லெ ஜென்டிலுக்குக் கிடைத்த இடம் புதுவை.

1760ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் அவர் பிரெசுட்டுத் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். சூலைத் திங்களில், இந்நாளில் மொரிசியசு எனப்படும் தீவை அடைந்தார். அதற்கு மேல் செல்லக் கப்பல் கிடைக்கவில்லை. பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. புதுவை முற்றுகையிடப்பட்டிருந்தது. மாதங்கள் கழிந்தன. இறுதியில், 1761ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஒரு போர்க்கப்பல் சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டது. அவரும் அதில் ஏறிக்கொண்டார். மே மாத இறுதியில் கப்பல் மலையாளக் கரையில் மாகிக்கு அருகே வந்தபொழுதுதான், மாகியும் புதுவையும் ஆங்கிலேயர் கைப்பட்டுவிட்ட செய்தி தெரிந்தது.

புதுவை வீழ்ந்தது அவ்வாண்டு சனவரித் திங்களின் நடுவில் ஆகும். அந்நகரத்து நிகழ்ச்சிகளை ஒன்றுவிடாமல் நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, வீழ்ச்சிக்குச் சில நாள் முன்னர் உயிர் நீத்தார். கோட்டையும் மாளிகைகளும் பின்னர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. இறங்குவதற்கு ஊர் இல்லை என்று தெரிந்ததும் கப்பல் வந்த வழியே திரும்பிற்று.

1761ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் விடிந்தது. வானம் பளிங்குபோல் தெளிவாக இருந்தது. வெள்ளி கதிரவன் முகத்தில் ஏறி ஊர்ந்து சென்றதை லெ ஜென்டில் கண்ணாரக் கண்டார். ஆனால், அவர் நின்றது நடுக்கடலில் ஆடும் கப்பலின் மேல்தளத்தில். ஊசற் கடிகாரம் ஆடுங்கப்பலில் ஒழுங்காக ஓடாது. கப்பல் நின்ற இடமும் துல்லியமாகத் தெரியாது. நேரமும் இடமும் உறுதியாகத் தெரியாத கணிப்பு, எடைக்கல் இல்லாத தராசைப் போன்றது. அவர் குறித்துக்கொண்டவை ஆராய்ச்சிக்குப் பயன்படவில்லை.

பிறர் எவரேனும் ஊர் திரும்பியிருப்பர். அவரோ அடுத்த கடப்பு வரை, எட்டு ஆண்டுகள், கீழைக் கடல்களிலேயே தங்குவது என்று முடிவு செய்தார். அந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. மடகாசுகரின் கிழக்குக் கரையை ஆராய்ந்து படம் வரைந்தார். காற்றுகள், கடலோட்டங்கள், செடிகொடிகள் ஆகியவற்றைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். 1769ஆம் ஆண்டுக் கடப்பைக் காண மணிலாவே சிறந்த இடம் எனக் கணித்து, 1766ஆம் ஆண்டில் அங்குச் சென்றார். மணிலாவின் இசுபானிய ஆளுநர் அவரை ஐயுற்றார். மாட்ரிடிலிருந்து வந்த பரிந்துரைக் கடிதம் இத்துணை விரைவில் வந்திருக்க இயலாது. எனவே, அது போலி என்பது ஆளுநரின் கருத்து. இந்நிலையில், புதுவைக்கே செல்க என்று பாரிசுக் கழகத்தின் விருப்பமும் வந்து சேர்ந்தது. அப்பொழுது புதுவை உடன்படிக்கையின்படி மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்தது. 1768ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், அவர் புதுவைக் கரையில் இறங்கினார். புறப்பட்டு எட்டு ஆண்டுகளும் ஒரு நாளும் ஆகியிருந்தன.

ஆளுநர் லா தெ லோரிசுத்தோன் அவரை அன்புடன் வரவேற்றார். இடிந்த கோட்டையின் அடித்தளத்தின்மீது அவருக்கென ஒரு வானாய்வுக்கூடம் எழுப்பப்பட்டது. பகைவராக இருந்த சென்னை ஆங்கிலேயரும் நல்ல தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பி உதவினர். போர் முடிந்தபின் அறிவுக்கு எல்லைக்கோடு இல்லை என்பதனை இச்செயல் காட்டுகிறது. அவருக்கு முன்னரும் புதுவையில் வானாய்வு நடந்ததுண்டு. 1689ஆம் ஆண்டு டிசம்பரில், ரிஷோ என்னும் இயேசு சபைத் துறவி, தென்வானத்துப் பேரொளி மீனாகிய ஆல்பா சென்டாரி ஒன்றன்று, இரட்டை மீன் என்பதை இவ்வூரிலிருந்தே கண்டார்.

கடப்புக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தது. லெ ஜென்டில் புதுவையின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கணித்தார், பருவக்காற்றுகளை ஆராய்ந்தார், அரிக்கமேட்டு ஆற்றங்கரையில் மக்கள் பழங்காலப் பெருஞ்செங்கற்களைத் தோண்டி எடுப்பதையும் கண்டு எழுதினார். அங்கு உரோமானியர் காலத்து வணிகத்துறை புதைந்து கிடந்தது என்பது பின்னர், இருபதாம் நூற்றாண்டில்தான் உலகுக்குத் தெரிந்தது.

எல்லாவற்றினும் அவரை வியப்பில் ஆழ்த்தியது தமிழர் வானநூலே. கிரகணம் கணிக்கும் முறையை அவர் தமிழர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து கற்றார். ஆசிரியரிடம் தாளும் இல்லை, மைக்கோலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்து, அவர் கணக்கிட்டார். வேண்டிய எண்கள் யாவும் வாக்கியங்களாகவும் செய்யுளாகவும் அவர் நினைவில் இருந்தன. எழுத்தொன்றுக்கு எண்ணொன்றாகப் பொருள் தரும் அவ்வாக்கியங்களிலிருந்தே, வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயரும் பிறந்தது. 1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கொண்டு இம்முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. கிரகணம் நீடித்த காலம் தமிழர் கணக்கின்படி 41 வினாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் மிகச் சிறந்தது எனப் போற்றப்பட்ட தோபியாசு மேயரின் அட்டவணைப்படியோ 68 வினாடி கூடுதலாக வந்தது. சோழிக் கணக்கே உண்மைக்கு நெருங்கி நின்றது.

எனினும், காரணம் அறியாமலே விதிகளைப் பின்பற்றுகின்றனர் என்பது தமிழ்க் கணிதரைப்பற்றி லெ ஜென்டில் கூறிய கருத்து. ஒருவரிடம் சில காலம் கற்றதைக் கொண்டு ஒரு மரபு முழுவதையும் எடைபோடுவது பொருந்தாது. ஆயினும், அவர் கேட்டதை மறைக்காமல் எழுதி வைத்தமையால், அக்கணித முறை ஐரோப்பிய அறிஞர்க்குத் தெரிய வந்தது. 1825ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்பவரும் புதுவையில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைக் கொண்டு கிரகணம் கணித்ததைக் கண்டு குறித்துள்ளார்.

1769ஆம் ஆண்டு மே மாதம் முழுவதும் புதுவையின் காலைப்பொழுதுகள் தெளிந்திருந்தன. கடப்பு சூன் 3ஆம் நாள் இரவில் தொடங்குவது. இந்தியாவில் அப்பொழுது கதிரவன் இரான். ஆனால், 4ஆம் நாள் காலை கதிரவன் உதிக்கும்பொழுது வெள்ளி அவன் முகத்தின்மீதே இருக்கும். ஏறத்தாழ ஏழு மணிக்கு விளிம்பைக் கடந்து நீங்கும். அந்நீங்கும் கணம் ஒன்றே புதுவையிலிருந்து வேண்டப்பட்டது. 3ஆம் நாள் இரவு, ஆளுநரும் லெ ஜென்டிலும் வியாழனின் துணைக்கோள் ஒன்றைத் தொலைநோக்கியால் கண்டு மகிழ்ந்தனர். வானம் குறையற்றிருந்தது. கருவிகள் ஆயத்தமாக இருந்தன. அவர் உறங்கச் சென்றார்.

இரவு இரண்டு மணிக்கு விழித்தெழுந்து வானத்தைப் பார்த்தார். எங்கும் முகில் கவிந்திருந்தது. காற்று சிறிதும் அசையவில்லை. காற்று எழுந்தாலன்றி முகில் கலையாது. அவர் படுத்தார், கண்மூட இயலவில்லை. ஐந்து மணியளவில் காற்று எழுந்தது. கிழக்கே சிறு வெளிச்சம் தோன்றியது. நம்பிக்கை துளிர்த்தது. ஆனால், அக்காற்று மேலும் மேலும் முகிலைத் திரட்டிக்கொண்டு வந்து, கடலுக்கு மேலே திரைபோல் நிறுத்திற்று. ஆறு மணி ஆயிற்று; கதிரவன் உதித்திருக்க வேண்டும். ஏழு மணியும் ஆயிற்று. கடிகாரம் அக்கணத்தைக் காட்டிக் கடந்தது. தொலைநோக்கியில் வெண்மையான முகிலொன்றேயன்றி வேறொன்றும் தெரியவில்லை.

வெள்ளி நீங்கிய சிறிது நேரத்திற்குள் முகில் கலைந்தது. கதிரவன் ஒளிவீசினான், அன்று மாலைவரை ஒளிவீசிக்கொண்டே இருந்தான்.

உப்பு வாரும் நாளில் பெய்த மழையைக் கண்டவர்களுக்கு அவர் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரு வாரங்களுக்கு மேல் அவரால் எழுதுகோலைக் கையிலெடுக்க இயலவில்லை. நிகழ்ந்ததைப் பாரிசுக்கு எழுத முற்பட்ட ஒவ்வொரு முறையும் கோல் கைநழுவிற்று. இதனிடையே மணிலாவில் அன்றைய காலை வானம் முற்றும் தெளிந்திருந்தது என்ற செய்தி வந்து சேர்ந்தது. அவர் முதலில் தேர்ந்த இடம் அதுவே.

மற்ற இடங்களில் கண்டவர் பலர். கேப்டன் குக்கின் குழுவினர் தாகித்தித் தீவில் கண்டனர். பிரெஞ்சு அறிஞர் ஷாப்பே மெக்சிகோவின் மேற்கே கலிபோர்னிய முனையில் கண்டு கணித்தார். ஆனால், அங்குப் பரவிய கொள்ளைநோய்க்கு இரையானார். இக்கணிப்புகளைத் தொகுத்து, கதிரவனின் தொலைவு ஏறத்தாழ 15 கோடியே 30 இலட்சம் கிலோமீட்டர் என லலாந்து என்பவர் 1771ஆம் ஆண்டில் கணக்கிட்டார். இக்காலத்தில் அறியப்பட்ட அளவு 14 கோடியே 96 இலட்சம். முற்றம் அளக்கப்பட்டுவிட்டது, அளந்தவர் வரிசையில் லெ ஜென்டிலின் பெயர் இல்லை.

1770ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், வயிற்றுக்கடுப்பால் உடல் நலிந்த நிலையில் அவர் புதுவையை விட்டுப் புறப்பட்டார். மொரிசியசிலிருந்து ஏறிய கப்பல் புயலில் சிக்கிச் சிதைந்து, புறப்பட்ட தீவுக்கே திரும்பிற்று. பின்னர் ஓர் இசுபானியக் கப்பலில் சென்று, தரைவழியாகப் பிரெனீசு மலையைக் கடந்து, 1771ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் தாய்மண்ணை மிதித்தார். அவர் பிரான்சை விட்டுப் பதினோர் ஆண்டுகளும் ஆறு திங்களும் ஆகியிருந்தன. அவர் இறந்துவிட்டார் என்று கருதிய உறவினர் அவர் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ள முற்பட்டிருந்தனர். அறிவியற் கழகத்தில் அவர் இருக்கையும் பறிபோயிருந்தது. தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க அவர் வழக்காட வேண்டியதாயிற்று. பின்னர் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அவர் மணம் செய்துகொண்டார். ஒரு மகளைப் பெற்றார். 1779, 1781 ஆகிய ஆண்டுகளில் தம் பயண வரலாற்றை இரு பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். புதுவை மக்கள், அவர்தம் வழக்கங்கள், தமிழர் வானநூல் ஆகியவை பற்றி அதில் விரிவாக எழுதினார். 1792ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் கண்டெடுத்த விண்முகில் என்ன ஆயிற்று? அதன் வரலாறு அவருடைய வரலாற்றினும் நீண்டது. 1764ஆம் ஆண்டில் மெசியே என்பவர் விண்முகில்களைத் தொகுத்து எண்ணிட்டபொழுது, அந்திரோமெடாவுக்கு 31ஆம் எண்ணையும் அதன் அருகிலிருந்த இச்சிறு முகிலுக்கு 32ஆம் எண்ணையும் கொடுத்தார். அதுமுதல் அது மெசியேயின் பெயராலேயே வழங்குகிறது. 1888ஆம் ஆண்டில் ஐசக் இராபர்ட்சு எடுத்த ஒளிப்படத்தில் அந்திரோமெடாவின் சுருள் வடிவம் தெளிவாகப் பதிந்தது.

1923ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் வில்சன் மலையிலிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியால், எட்வின் ஹபிள் அந்திரோமெடாவில் ஒளி ஏறி இறங்கும் விண்மீன் ஒன்றைக் கண்டார். அவ்வகை மீனின் உண்மையான ஒளியளவு, அது ஏறி இறங்கும் கால அளவிலிருந்து தெரியவரும். தோற்ற ஒளியையும் உண்மை ஒளியையும் ஒப்பிட்டால் தொலைவு கிடைக்கும். அவருக்குக் கிடைத்த தொலைவு ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு. கதிரவனின் ஒளி பூமியை அடைய எட்டே கால் நிமிடத்திற்குச் சற்று மிகுதியாகும். அந்திரோமெடாவின் ஒளிக்கோ இலட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அது நமது விண்மீன் திரளுக்கு வெளியேயுள்ள மற்றொரு பெருந்திரள் என்பது 1925ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. காண்ட் எண்ணியது உண்மையாயிற்று. பிற்காலக் கணிப்புகள் அத்தொலைவை 25 இலட்சம் ஒளியாண்டாகத் திருத்தின.

ஆயினும், லெ ஜென்டிலின் சிறுமுகிலைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காண ஹபிளாலும் இயலவில்லை. அதற்கு ஒரு போர் துணைசெய்தது என்பது வியப்பானது. இரண்டாம் உலகப்போரின்போது வான்தாக்குதலுக்கு அஞ்சி லாசு ஏஞ்சலீசு நகரத்து விளக்குகள் அணைக்கப்பட்டன. வில்சன் மலைக்கு மேலுள்ள வானம் என்றும் இல்லாதவாறு இருண்டது. செருமனியில் பிறந்தவராதலால் போர்ப்பணிக்கு அழைக்கப்படாதிருந்த வால்டர் பாடே, அவ்விருளைப் பயன்படுத்தி, செந்நிற ஒளியைப் பதிக்கும் தகடுகளில் பல மணிநேரம் ஒளிபடச் செய்தார். 1944ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், அச்சிறுமுகில் எண்ணற்ற செந்நிற முதுமீன்களின் தொகுதி என்பது தெளிவாயிற்று. ஒரு போர் லெ ஜென்டிலைப் புதுவையில் இறங்கவிடாமல் தடுத்தது. மற்றொரு போர் அவருடைய முகிலைத் திறந்து காட்டிற்று.

அத்திரளின் வடிவம் யாது என்பதே எஞ்சிய வினா. ஹபிள் விண்மீன் திரள்களை வகைப்படுத்தினார். உருண்டையாகவோ முட்டைபோல நீண்டோ இருப்பவை ஒருவகை. தட்டையாகச் சுருள்கைகளுடன் இருப்பவை மற்றொருவகை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாக மூன்றாவது வகை ஒன்று இருத்தல் வேண்டும் என்று 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். அதுவே வில்லைவடிவத் திரள். மசூர்ப் பருப்பைப்போல் நடுவில் தடித்தும் விளிம்பில் மெலிந்தும் இருக்கும், சுருள்கைகள் இரா. புதிய விண்மீன்கள் பிறப்பதற்கு வேண்டிய வளியும் தூசியும் அதில் மிகக் குறைவு. எனவே, அதிலுள்ளவை பெரும்பாலும் முதுமீன்களே. வில்லியம் ஹெர்ஷல் 1787ஆம் ஆண்டில் கண்ட திரள் ஒன்று இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. சிம்மராசிக்குத் தெற்கே, ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் அத்திரள் பக்கவாட்டில் தெரிவதால், நூல் சுற்றிய கதிரைப்போல் தோன்றுகிறது. ஆதலால் அதற்குக் கதிர்த்திரள் என்றே பெயர்.

லெ ஜென்டிலின் திரள் முட்டைவடிவ வகையைச் சார்ந்தது என்றே நெடுங்காலம் பட்டியல்களில் எழுதப்பட்டு வந்தது. ஆனால், அதன் இயல்பு அவ்வகைக்கு முற்றும் ஒத்துவரவில்லை. அது அளவில் மிகச் சிறியது; ஆயினும், நடுவில் விண்மீன்கள் அளவுக்கு மீறி நெருங்கிச் செறிந்துள்ளன. அங்கு, கதிரவனைப்போல் ஏறத்தாழ 25 இலட்சம் மடங்கு பொருண்மையுள்ள கருந்துளை ஒன்றும் உள்ளது. 2002ஆம் ஆண்டில் அலிஸ்டர் கிரகாம் என்பவர், அதன் புறப்பகுதி ஒளி குறைந்து செல்லும் முறையை ஆராய்ந்து, நடுத்திரட்சியும் அதனைச் சூழ்ந்த தட்டும் அதில் இருப்பதற்குச் சான்று காட்டினார். அப்படியாயின், அது முன்னொரு காலத்தில் வில்லைவடிவத் திரளாகவோ சுருள்திரளாகவோ இருந்திருக்கலாம். அருகிலுள்ள அந்திரோமெடாவின் ஈர்ப்பால் புறப்பகுதியை இழந்து, கொட்டை மட்டும் எஞ்சிய கனிபோல் ஆகியிருக்கலாம்.

இந்தியரான இயேசு சபைத் துறவி இரிச்சர்டு டிசூசா, எரிக் பெல் என்பவருடன் சேர்ந்து 2018ஆம் ஆண்டில் இதனை மேலும் ஆராய்ந்தார். ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அந்திரோமெடா ஒரு பெருந்திரளை விழுங்கியது. அது நம் அண்டைத் திரள்களுள் மூன்றாவது பெரியதாக இருந்தது. விழுங்கப்பட்டதன் எஞ்சிய உள்ளீடே இச்சிறு திரள் என்பது அவர்கள் கண்ட முடிவு. இதனை அறிஞர் அனைவரும் ஏற்றுக்கொண்டுவிட்டனர் என்று கூறுவதற்கில்லை.

ஐயம் எளிதில் தீராமைக்குக் காரணம் உண்டு. நேர்முகமாகப் பிடித்த தட்டும் வட்டமாகவே தோன்றும். உருண்டையும் வட்டமாகவே தோன்றும். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாலன்றி எது தட்டு, எது உருண்டை என்று கண்ணால் பிரித்தறிய இயலாது. ஹெர்ஷலின் கதிர்த்திரள் தன் பக்கத்தைக் காட்டி நிற்கிறது. லெ ஜென்டிலின் திரளோ காட்டவில்லை. 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ளதைச் சுற்றிச்சென்று பார்க்க வழியில்லாமையால், ஒளியின் ஏற்றத்தாழ்வையும் விண்மீன்களின் ஓட்டத்தையும் கொண்டே ஆராய்ச்சியாளர் அதன் வடிவத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கின்றனர். தை பிறந்து, மழை ஓய்ந்து, மரக்காணத்து அளங்களில் அவ்வாண்டின் முதற் பாத்திகளுக்கு நீர் பாய்ச்சும் நாள்களில், அது குயிலாப்பாளையத்தின் வடமேற்கு வானத்தில் இரவு ஒன்பது மணிவரை நன்றாகத் தெரியும்.